பத்திரமான பெட்டி எது? ஆர்பத்நாட் முதல் இன்றைய பாஸ்புக் வரை

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, முழங்கால், பிள்ளைகளின் விசா என்று பேச்சு சுற்றி வந்து கடைசியில் வட்டியில் நிற்கும். "எந்த பாங்கில் போடலாம், எங்கே பத்திரம்?" என்ற கேள்வி மயிலாப்பூர் மாட வீதியிலும் கேட்கும், தியாகராய நகர் பனகல் பூங்காவிலும் கேட்கும், அடையாறு எல்.பி. ரோடு காபிக் கடையிலும் கேட்கும். சர்க்கார் உத்தியோகத்தில் பல வருஷம் சம்பளப் பட்டியலும் சலானும் எழுதியவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். யாருக்கும் முதலீட்டு ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரின் சரித்திரமே நல்ல பதில் வைத்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே சேமிப்பு நிலையத்துக்கு 'கேஸ்' என்று பெயர். பெட்டி என்று அர்த்தம். திவாலுக்கு 'பான்க்ரூத்' என்பார்கள். உடைந்த பெஞ்சு என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பழங்கால வட்டிக்காரர் சந்தையில் ஒரு பெஞ்சு போட்டுத்தான் தொழில் செய்வார். அந்த பெஞ்சே பாங்க் ஆயிற்று. அது உடைந்தால் திவால்.

ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கதையும் எங்கள் சரித்திர பாடத்தில் உண்டு. அவர் பாரிசில் அரசாங்க பாங்கு நடத்தினார். காகித நோட்டுகளை அச்சடித்துத் தள்ளினார். 1719 இல் பிரெஞ்சு வணிகக் கம்பெனிகளையெல்லாம் ஒன்றாக்கினார். புதுச்சேரியை ஆண்ட கம்பெனியும் அதில் அடக்கம். 1720 இல் எல்லாம் சரிந்தது. லா நாட்டைவிட்டே ஓடினார். அதன் பிறகு வெகுகாலம் பிரெஞ்சுக்காரர்களுக்கு 'பாங்க்' என்ற சொல்லே கசந்தது, 'கேஸ்', 'கிரெதி' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று வாத்தியார் சொல்வார். பெயரை மாற்றுவது எளிது. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சென்னைக்கு வருவோம்.

நூற்றிருபது வருஷத்துக்கு முன் இந்த ஊரில் வெள்ளைக்காரக் கம்பெனி என்றால் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்ற மூன்று பெயர்களைத்தான் முதலில் சொல்வார்கள். ஆர்பத்நாட் கம்பெனி வியாபாரம் செய்தது. கூடவே பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. அன்றைக்கு பாங்க் ஆஃப் மெட்ராஸ் என்ற பெரிய பாங்கு இருந்தது. 1843 இல் தொடங்கியது. அதுதான் பிறகு இம்பீரியல் பாங்கில் கலந்து, 1955 இல் ஸ்டேட் பாங்க் ஆனது. ஆர்பத்நாட் அதைவிட அதிக வட்டி கொடுத்தது. போதாததற்குத் தலைவர் 'சர்' பட்டம் பெற்ற ஜார்ஜ் ஆர்பத்நாட். அவர் கையெழுத்துக்கு மேல் என்ன பந்தோபஸ்து வேண்டும் என்று பென்ஷன்காரர்களும், விதவைகளும், வக்கீல்களும், சிறு மிராசுதாரர்களும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

1906 அக்டோபர் 22 ஆம் தேதி கம்பெனி கதவடைத்தது. லண்டனில் இருந்த பங்காளி மக்ஃபேடியன் சென்னைக்காரர்களின் பணத்தை வைத்து அங்கே சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் இறங்கியிருந்தார். அவர் ரயில் முன் விழுந்து உயிரை விட்ட சேதி முதலில் வந்தது. அடுத்து இங்கே திவால். ஏழாயிரம் பேருக்கு மேல் பணம் போட்டிருந்தார்கள். இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் கடன். ஒரு பவுன் பதினைந்து ரூபாய் விற்ற காலத்துக் கோடி அது! சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஜெயிலுக்கு அவர் போனாலும் போட்ட பணம் முழுதாக யாருக்கும் திரும்பவில்லை.

பணம் போட்டவர்கள் சார்பில் கோர்ட்டில் நின்று வாதாடியவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அந்த வருஷம்தான் மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். அரசியலில் மிதவாதி, ஆனாலும் தீவிரவாதியான பாரதியாரின் தேசியப் பாடல்களைக் கேட்டு மனம் உருகி, தம் செலவில் அச்சிட்டு வழங்கியவர். நம் பணம் நம் கையில் இருக்கும் ஒரு பாங்கு வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முடிவு செய்தார்கள். திவால் ஆகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் தொடக்கத்திலேயே கூட்டம் போட்டுவிட்டார்கள். காலமும் அதற்கு ஏற்ற சுதேசிக் காலம். ஆர்பத்நாட் விழுவதற்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 16 அன்றுதான் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகியிருந்தது.

நகரத்தார்களின் ஆதரவும் சேர்ந்தது. 1907 மார்ச் 5 அன்று இந்தியன் பாங்க் பதிவானது. ஆகஸ்ட் 15 அன்று பாரிமுனையில் வேலை தொடங்கியது. பிறகு ஆர்பத்நாட் கம்பெனி இருந்த கடற்கரைச் சாலைக் கட்டடத்தையே வாங்கி, அங்கே தலைமை அலுவலகம் வைத்துக்கொண்டது. பணத்தைப் பறிகொடுத்த ஊர் அதே வாசலில் தனக்கொரு பாங்கு வைத்துக்கொண்டது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

ஆனால் சுதேசி பாங்கு என்பதாலேயே பத்திரம் என்று ஆகிவிடவில்லை. 1937 இல் இரண்டு திருவிதாங்கூர் பாங்குகள் சேர்ந்து டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் உருவானது. சென்னையிலும் கால் ஊன்றியிருந்த பெரிய பாங்கு. அடுத்த வருஷமே, 1938 ஜூனில், வதந்தி கிளம்பி, பணம் போட்டவர்கள் கூட்டமாக வந்து நிற்க, பாங்கு படுத்துவிட்டது. அதை நடத்திய மாம்மன் மாப்பிள்ளை குடும்பத்துக்கும், அப்போது திருவிதாங்கூர் திவானாக இருந்த நம் மயிலாப்பூர் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் இருந்த பகை தனிக்கதை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் 1946 இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி வரை வளர்த்தார். குடும்பம் எழுந்துவிட்டது, பாங்கில் பணம் போட்டிருந்த சாமானியர்கள் பாடு அப்படியில்லை.

1949 இல் பாங்குகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது. அப்படியும் 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலா சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டது. அந்த அடியில்தான் சர்க்கார் விழித்துக்கொண்டது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. உலகத்தில் அமெரிக்காவுக்கு அடுத்து இப்படி நாடு தழுவிய ஏற்பாட்டைச் செய்தவர்களில் நாமும் முன்வரிசையில் இருந்தோம்.

அந்தக் காப்புத் தொகை வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 1962 இல் 1,500 ரூபாய். 1968 இல் 5,000. 1970 இல் 10,000. 1976 இல் 20,000. 1980 இல் 30,000. 1993 இல் ஒரு லட்சம். பிறகு 27 வருஷம் அசையவே இல்லை. 2020 பிப்ரவரியில்தான் ஐந்து லட்சம் ஆனது. இதற்குப் பிரீமியம் கட்டுவது பாங்கு. நம்மிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பாங்கின் மேல் ரிசர்வ் பாங்க் தடை விதித்தால் 90 நாளுக்குள் இந்தப் பணம் கிடைக்க வேண்டும் என்றும் 2021 இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

1969 ஜூலை 19 அன்று 14 பாங்குகளை இந்திரா காந்தி அரசு நாட்டுடைமை ஆக்கியது. கிருஷ்ணசாமி ஐயரின் இந்தியன் பாங்கும், 1937 இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் அதில் அடக்கம். அன்று முதல் 'சர்க்கார் பாங்கு' என்ற சொல்லே ஒரு பெரிய தைரியம்.

அந்த தைரியத்துக்கும் ஒருமுறை சோதனை வந்தது. வராத கடன்களால் 1995-96 இல் இந்தியன் பாங்குக்கு 1,336 கோடி ரூபாய் நஷ்டம். பத்திரிகைகளில் நாள்தோறும் செய்தி, சி.பி.ஐ. வழக்குகள். இருந்தும் பணம் போட்ட ஒருவருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. மத்திய அரசு மூலதனம் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. 2020 இல் நூறாண்டு கடந்த அலகாபாத் பாங்கையே தன்னோடு சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அது தேறிவிட்டது. சர்க்கார் பாங்கில் தப்பே நடக்காது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தப்பு நடந்தாலும் பின்னால் முதலாளியாக அரசாங்கம் நிற்கிறது என்பதே நம் நிம்மதி. சட்டப்படி எழுதிக் கொடுத்த உத்தரவாதம் அங்கேயும் அதே ஐந்து லட்சம்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முழுத் தொகைக்கும் அரசாங்கமே நேரடியாகப் பொறுப்பு ஏற்பது தபால் ஆபீஸ் சேமிப்பில்தான்.

தனியார் பாங்கு என்றாலே பயப்பட வேண்டுமா? அதுவும் இல்லை. 1926 இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்கை நம்மில் பலருக்குத் தெரியும். 2020 நவம்பர் 17 அன்று, கணக்குக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பத்து நாளில் சிங்கப்பூர் பாங்கு ஒன்றின் இந்தியத் துணை நிறுவனத்தோடு அதை இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு முழுப் பணமும் நின்றது. பங்கு வாங்கியவர்களுக்கு மட்டும் பூஜ்யம். ரிசர்வ் பாங்கின் கண்பார்வையில் உள்ள பாங்குக்கும், வெறும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் பேட்டையில் திரும்பத் திரும்ப அடி விழுகிறது. 1990 களில் கார், தேக்கு மரம், பிளாட் என்று சொல்லி 24 சதவீதம், 36 சதவீதம் வட்டி தருவதாக விளம்பரம் செய்தவர்கள் எத்தனை பேர்! ரிட்டயர் ஆனவர்களின் கிராஜுவிட்டி பணம் அதில்தான் போனது. அந்தக் கூக்குரலில்தான் தமிழ்நாடு அரசு 1997 இல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் கொண்டுவந்தது.

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872 இல் தொடங்கியது. இந்தியன் பாங்கைவிட முப்பத்தைந்து வருஷம் மூத்தது. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நாமும் போடுவோம் என்று மூன்று நான்கு தலைமுறை அதில் பணம் வைத்தது. 2024 இல் முதிர்ந்த டெபாசிட்டுகளைத் திருப்பித் தரவில்லை என்று புகார்கள் குவிந்தன; ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அது நிதி கம்பெனி, பாங்கு அல்ல. நிதி கம்பெனியில் போடும் பணத்துக்கு அந்த ஐந்து லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் கிடையாது. நூற்றைம்பது வருஷப் பெயரும், கோயில் பக்கத்துக் கட்டடமும் இன்ஷூரன்ஸ் ஆகிவிடாது. 1906 இல் 'சர்' பட்டம் ஆகாதது போலத்தான்.

பெரிய பணத்தின் கதை இது. அன்றாடச் செலவுக்கான கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரிய திவால் எப்போதோ ஒருமுறை வரும். சின்னச் சின்னப் பிடித்தம் மாதாமாதம் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் ரொக்கமாகத்தான். மாதக் கடைசி நாளில் காஷியர் மேஜையில் வரிசையில் நின்று, அக்விட்டன்ஸ் ரிஜிஸ்டரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு எண்ணி வாங்குவோம். பாங்கு கணக்கு இல்லாத குமாஸ்தாக்கள் ஏராளம். பியூன்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் கேட்கவே வேண்டாம். நாட்டுடைமை ஆகியும் பாங்கு வாசல் அவர்களுக்கு உயரமாகவே இருந்தது.

அதை மாற்றும் முயற்சி ஒன்று எங்கள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டது. 2005 இல் மங்கலம் என்ற கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தியன் பாங்க் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத எளிய கணக்கை எல்லா பாங்குகளும் தர வேண்டும் என்று அந்த வருஷமே ரிசர்வ் பாங்க் சொன்னது. 2012 இல் அதையே 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்று முறைப்படுத்தினார்கள். 2014 இல் வந்த ஜன்தன் கணக்கும் இந்த ரகம்தான். இதை ஏழைகளுக்கான கணக்கு என்று நினைத்து நாம் கேட்பதே இல்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், ஏ.டி.எம். கார்டு இலவசம். ஆனால் அதே பாங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இலவசமாகப் பணம் எடுக்கும் தடவைக்கும் வரம்பு உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

சாதாரண சேமிப்புக் கணக்கிலும் நிலைமை மாறியிருக்கிறது. மினிமம் பாலன்ஸ் இல்லை என்று அபராதம் பிடிப்பதை ஸ்டேட் பாங்க் 2020 இல் நிறுத்தியது. 2025 ஜூனில் கனரா பாங்கும், ஜூலையில் பஞ்சாப் நேஷனல் பாங்கும் இந்தியன் பாங்கும் நிறுத்தின. அதே வருஷம் ஆகஸ்டில் பெரிய தனியார் பாங்கு ஒன்று, நகரத்தில் புதுக் கணக்குக்கு மாத சராசரி 50,000 ரூபாய் வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் 15,000 ஆகக் குறைத்தது.

இந்த 'மாத சராசரி' பலருக்குப் புரிவதில்லை. ஒரு குமாஸ்தா கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்றாம் தேதி 30,000 ரூபாய் பென்ஷன் வருகிறது. ஐந்தாம் தேதி முழுவதையும் எடுத்துவிடுகிறீர்கள். நான்கு நாள் இரவு இருப்பு, நான்கு முப்பதாயிரம், 1,20,000. அதை முப்பது நாளால் வகுத்தால் 4,000. ஐந்தாயிரம் சராசரி கேட்கும் பாங்கில், முப்பதாயிரம் போட்டவருக்கும் அபராதம்! அபராதத்துக்குப் பயந்து 50,000 ரூபாயை சும்மா கிடக்க விட்டால் அதுவும் செலவுதான். சேமிப்புக் கணக்கு வட்டி இரண்டரை சதவீதம், ஃபிக்சட் டெபாசிட் ஆறரை என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 2,000 ரூபாய் கை நழுவுகிறது.

இதையெல்லாம் படித்த பிறகு நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வழி எளிது. பென்ஷன் வருவதற்கு வீட்டுக்குப் பக்கத்தில், மினிமம் பாலன்ஸ் கேட்காத ஒரு சர்க்கார் பாங்குக் கணக்கு. மூன்று மாதச் செலவுக்கு மேல் அதில் நிறுத்துவதில்லை. காஸ் சிலிண்டர், மின்சாரம், மருந்து எல்லாம் அதிலிருந்தே. மற்றப் பணம் தபால் ஆபீஸிலும், டெபாசிட்டாக இரண்டு பாங்குகளிலும். ஒரு பாங்கில் ஒருவர் பெயரில் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குள் நிற்கும்படி, நாலரை லட்சத்தோடு நிறுத்திவிடுவேன். மாட வீதிக் கிளையில் பாதி, அடையாறு கிளையில் பாதி என்று பிரித்தால் பயன் இல்லை. ஒரே பாங்கின் கிளைகளெல்லாம் சேர்த்து ஒரே கணக்குதான். மனைவி பெயரில் தனியாக வைத்தால் அதற்குத் தனி ஐந்து லட்சம். இருவரும் சேர்ந்து வைக்கும் ஜாயின்ட் கணக்குக்கு இன்னொரு ஐந்து லட்சம்.

யாராவது வீடு தேடி வந்து, "சார், பாங்கைவிட நாலு சதவீதம் கூட" என்று சொன்னால் நான் கேட்பது ஒரே கேள்வி: "டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டா?" இதுவரை அதற்கு நேராகப் பதில் சொன்னவர் யாரும் இல்லை. காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2025 நவம்பர் 1 முதல் ஒரு பாங்குக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நம் வயதில் பலருடைய பாஸ்புக்கில் நாமினி இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டவர்களின் பெயர் இருக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை. அடுத்த தடவை என்ட்ரி போடப் போகும்போது அந்த இடத்தைப் பார்த்து, வேண்டியதை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.